பல ஜோன் சென்ட்ரல் ஹீட்டிங்: வயரிங், கட்டுப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் ஜூன் பிறந்து குளிர் தொடங்கியதும் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஓர் அறை வேகிறது, இன்னொன்று உறைகிறது, பாய்லர் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஹீட்டிங் கட்டுப்பாட்டு வயரிங் என் தொழில். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. நீங்களே ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில் எது எதற்குக் கட்டளை இடுகிறது என்று தெரிந்துவிட்டால், வேலைக்கு வருபவரிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும். பாதிப் பணம் அங்கேயே மிச்சம்.

“டர்பனில் இருந்தவரைக்கும் ஹீட்டரே தேவைப்படலை. இங்கே சென்ட்ரல் ஹீட்டிங்னு சொல்றாங்களே, அது ஏசி மாதிரியா?”

இல்லை. ஏசி காற்றைச் சூடாக்கி ஊதும். நாம் இங்கே பேசுகிற சென்ட்ரல் ஹீட்டிங்கில் ஓரிடத்தில் தண்ணீரைச் சூடாக்கி, பம்ப் வைத்துக் குழாய் வழியாக வீடெங்கும் சுற்றவிடுவார்கள். சூடாக்குவது கேஸ் பாய்லராகவும் இருக்கலாம், வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்பாகவும் இருக்கலாம். அந்தத் தண்ணீர் சுவரில் மாட்டிய ரேடியேட்டர்கள் வழியாகவோ தரைக்கடியில் பதித்த குழாய்கள் வழியாகவோ போய், வெப்பத்தை அறையில் விட்டுவிட்டுத் திரும்பி வரும். ஒரே தண்ணீர்தான் சுற்றிக்கொண்டிருக்கும். குளிக்கிற தண்ணீர் வேறு.

டர்பன் கடலோரம், அங்கே இதற்கு வேலை இல்லை. ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலை இரவில் 4 டிகிரி சாதாரணம், சில விடியற்காலைகளில் புல்லெல்லாம் உறைபனி. ஆனால் வெயில் ஏறிவிட்டால் மதியம் 16, 17 டிகிரி. விடியலில் அத்தியாவசியமாக இருந்த சூடு மதியம் வீண். அதனால்தான் இந்த ஊரில் பாய்லரின் அளவைவிட அதன் கட்டுப்பாடு முக்கியம் என்று நான் அடித்துச் சொல்கிறேன்.

“ஜோன் ஜோன்னு சொல்றாங்களே அண்ணா, அது எதுக்கு? ஒரே தெர்மோஸ்டாட் போதாதா?”

தெர்மோஸ்டாட் என்பது அறையின் சூட்டைப் பார்த்து “வேண்டும்”, “போதும்” என்று சொல்லும் சுவிட்ச். ஒன்றே ஒன்று என்றால் அது மாட்டியிருக்கும் அறையின் நிலைமைதான் வீடு முழுவதற்கும் சட்டம். ஓர் உதாரணம் சொல்கிறேன். நமக்கு ஆடி மாதம் இங்கே கடுங்குளிரில் வருகிறது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுகிறார். இருபது பேர் என்றால் 2 கிலோவாட், அதாவது ஒரு நல்ல மின்சார ஹீட்டர். அடுப்பில் அண்டா வேறு. ஹாலில் இருக்கும் தெர்மோஸ்டாட் “போதும்” என்று ஹீட்டிங்கை நிறுத்திவிடும். மாடியில் தூங்கப் போன பிள்ளைகள் நடுங்குவார்கள்.

ஜோன் என்பது தனியாகத் திறந்து மூடக்கூடிய ஒரு குழாய்ச் சுற்று. அதற்கென்று ஒரு தெர்மோஸ்டாட், அதற்கென்று ஒரு வால்வு. கேஸ் செலவுக்கும் இதுதான் வழி. 24 கிலோவாட் பாய்லர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எல்பிஜி எரிக்கும். 48 கிலோ சிலிண்டர் இடைவிடாமல் எரித்தால் ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். ஆளில்லாத அறைகளைச் சூடாக்க அது கட்டுப்படியாகாது. ஆனால் முதலில் உத்தரத்துக்கு மேலே வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும் இன்சுலேஷன் இருக்கிறதா என்று ஏறிப் பாருங்கள். பழைய வீடுகள் பலவற்றில் இல்லை. அது இல்லாமல் எத்தனை ஜோன் போட்டாலும் கூரை வழியாகத்தான் பணம் போகும்.

“நாலு பெட்ரூம், ஹால், ஸ்டடி, டைனிங். ஏழு ஜோனா?”

வேண்டாம். மூன்று, அதிகம் போனால் நான்கு. எப்படிப் பிரிப்பது என்பதற்கு நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். ஒன்று, எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள். பகலில் புழங்கும் அறைகள் ஒரு பக்கம், படுக்கையறைகள் ஒரு பக்கம்.

இன்னொன்று வெயில். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் தவறவிடுவது இதைத்தான். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், குளிர்காலச் சூரியன் இங்கே வடக்கு வானத்தில் தாழ்வாகப் போகிறது. வடக்கு ஜன்னல் உள்ள அறைக்கு நாள் முழுக்க இலவச வெப்பம். தெற்குப் பார்த்த அறைக்கு ஜூலை முழுவதும் ஒரு கீற்று வெயில்கூட விழாது. இந்த இரண்டையும் ஒரே ஜோனில் போட்டால் தெர்மோஸ்டாட்டை எங்கே வைத்தாலும் ஒருவர் கஷ்டப்படுவார். வீட்டு வரைபடத்தில் வடக்கைக் குறித்துவிட்டு அப்புறம் ஜோனைப் பிரியுங்கள். மிகச் சின்ன ஜோன்கள் ஏன் ஆகாது என்பது கீழே பாய்லர் அணைந்து அணைந்து எரியும் கேள்வியில் வருகிறது.

“தெர்மோஸ்டாட்டைத் திருகினா பாய்லர் எரியுது. நடுவில என்னதான் நடக்குது?”

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இந்தப் பதிலை வையுங்கள். தெர்மோஸ்டாட் பாய்லருடன் பேசுவதில்லை. அது தன் ஜோனின் வால்வுக்கு மட்டும் “திற” என்று சொல்கிறது. வால்வு திறக்கிறது. திறந்து முடிந்த பிறகு, வால்வுக்குள் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச் மூடி, பாய்லருக்கு “இங்கே வழி தயார், சூடாக்கு” என்று சொல்கிறது. பாய்லர் பம்பை ஓட்டி, எரிகிறது. அறை சூடானதும் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்துகிறது, வால்வு ஸ்பிரிங்கால் மூடுகிறது, சுவிட்ச் திறக்கிறது. வேறு எந்த ஜோனும் கேட்கவில்லை என்றால் பாய்லர் நிற்கிறது.

தெர்மோஸ்டாட், வால்வு, வால்வின் சுவிட்ச், பாய்லர் என்று இந்த வரிசை மாறாது. காரணம், தண்ணீர் போக வழி இல்லாதபோது பாய்லர் எரியவே கூடாது. இந்த வயர்கள் எல்லாம் சந்திக்கும் இடம்தான் வயரிங் சென்டர் என்கிற இணைப்புப் பெட்டி. வழக்கமாக பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும். பழுது எதுவானாலும் இந்த வரிசையில் எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் பிடித்துவிடலாம்.

“தெர்மோஸ்டாட் பின்னாடி சி, என்ஓ, என்சி-ன்னு போட்டிருக்கு. எதில எதைக் கொடுக்கணும்?”

சி என்பது பொது முனை. என்ஓ என்பது சும்மா இருக்கும்போது சி-யோடு சேராமல், சூடு வேண்டும் என்று கேட்கும்போது மட்டும் சேரும் முனை. என்சி அதற்கு நேர்மாறு. 230 வோல்ட் வால்வை இயக்க சி-யில் லைவ், அதாவது கரண்ட் வரும் வயர், போகும், என்ஓ-விலிருந்து வால்வுக்கு வரும். என்சி-யில் ஒன்றும் வேண்டாம். திரையுள்ள தெர்மோஸ்டாட் என்றால் அதற்குத் தனியாக லைவ், நியூட்ரல் வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் பேட்டரி. சுவருக்குள் கேபிள் விடும்போதே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து விடச் சொல்லுங்கள். இன்று தேவையில்லை என்றாலும் நாளைக்கு வேறு மாடல் மாற்றினால் தேவைப்படும். பூச்சு முடிந்த சுவரை உடைப்பது பாவம்.

மாட்டும் இடம் தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். வெயில் படும் சுவர், டிவிக்குப் பின்புறம், சமையலறை வாசல், காமாட்சி விளக்கு எரியும் மாடத்துக்குப் பக்கம் இவையெல்லாம் வேண்டாம்.

“வால்விலேர்ந்து அஞ்சு வயர் வருது. வந்த எலக்ட்ரீஷியனே குழம்பிட்டார் தம்பி.”

அவரைக் குறை சொல்ல முடியாது அம்மா. டிபி போர்டு (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி), பிளக், லைட் என்று வேலை செய்பவருக்கு இது தினமும் கையில் வரும் பொருள் இல்லை. பிரிட்டிஷ் முறை ஸ்பிரிங் வால்வுகளில் நிறங்கள் இப்படி இருக்கும். பழுப்பு மோட்டருக்கு லைவ், அதாவது தெர்மோஸ்டாட்டின் என்ஓ-விலிருந்து வருவது. நீலம் நியூட்ரல். பச்சை மஞ்சள் எர்த். மிச்சம் இரண்டு, சாம்பலும் ஆரஞ்சும், மோட்டரைச் சேர்ந்தவையே அல்ல. மேலே சொன்ன அந்தச் சின்ன சுவிட்சின் இரண்டு முனைகள். சாம்பலில் நிரந்தர லைவ் கொடுப்பார்கள். வால்வு திறந்ததும் அந்த லைவ் ஆரஞ்சில் வெளியே வரும். எல்லா ஜோன்களின் ஆரஞ்சும் ஒன்றாகச் சேர்ந்து பாய்லரின் அழைப்பு முனைக்குப் போகும்.

“தெர்மோஸ்டாட் வயரையே வால்வுக்கும் பாய்லருக்கும் சேர்த்துக் கொடுத்தால் ஆகாதா, ஆரஞ்சு எதற்கு?” என்று கேட்பார்கள். ஒரே ஜோன் என்றால் ஓடும். இரண்டு ஜோன் என்றால் இரண்டு தெர்மோஸ்டாட்டின் வயரும் பாய்லர் முனையில் சந்திக்கும். ஹால் கேட்டால் அந்த லைவ் பாய்லர் முனை வழியாகப் பின்னோக்கிப் போய்ப் படுக்கையறை வால்வையும் திறந்துவிடும். ஜோன் போட்டதே வீண். வால்வின் சுவிட்ச் அந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. தெர்மோஸ்டாட்டை அணைத்தாலும் சாம்பல் வயரில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்க்காமல் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. அப்புறம், இந்த நாட்டின் பழைய வீடுகளில் சுவருக்குள் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். வால்வில் பழுப்பும் நீலமும். இத்தாலிய, ஜெர்மன் வால்வுகளில் வேறு நிறங்களும் வரலாம். நிறத்தை நம்பி இணைக்காமல், அந்த வால்வோடு வந்த தாளில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும்.

“யூடியூப் பார்த்து நானே பண்ணிடலாமா?”

தெர்மோஸ்டாட் பேட்டரி மாற்றுங்கள், டைம் செட் பண்ணுங்கள், படம் வரைந்து வையுங்கள். 230 வோல்ட் நிரந்தர வயரிங் வேண்டாம். 1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009இல் வந்த மின் நிறுவல் விதிகளின்படி, வீட்டு மின் அமைப்புக்குச் செல்லுபடியான சிஓசி, அதாவது வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ், வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. புதிதாக ஒன்று சேர்த்தால் அந்தப் பகுதிக்கும் சான்றிதழ் வேண்டும், அதைப் பதிவு பெற்ற ஆள்தான் தர முடியும். வேலை இந்த நாட்டின் வயரிங் தரநிலையான சான்ஸ் 10142-1இன்படி இருக்க வேண்டும். வீட்டை விற்கும்போது இரண்டு வருடத்துக்கு உட்பட்ட சிஓசி கேட்பார்கள், அப்போது தெரியும் இதன் அருமை. கேஸ் இணைப்புக்குத் தனிச் சான்றிதழ், அதற்குப் பதிவு பெற்ற கேஸ் ஆள் வேறு. ஒரே ஆள் இரண்டையும் செய்துதருகிறேன் என்றால் இரண்டு பதிவையும் காட்டச் சொல்லுங்கள்.

“பெட்ரூம் தெர்மோஸ்டாட்டுக்கு அங்கே இருக்கிற லைட் சுவிட்சிலேர்ந்தே கரண்ட் எடுத்துட்டார். வேலை செய்யுது. சரிதானே?”

சரியில்லை, உடனே மாற்றச் சொல்லுங்கள். ஹீட்டிங் கட்டுப்பாடு முழுவதும் ஒரே சர்க்யூட்டில், மொத்தக் கரண்டையும் துண்டிக்கும் ஒரே ஐசோலேட்டர் சுவிட்சுக்குக் கீழே இருக்க வேண்டும். லைட் சர்க்யூட்டிலிருந்து லைவ் எடுத்தால் நாளைக்கு பாய்லரைப் பழுது பார்க்க வருபவர் ஹீட்டிங் பிரேக்கரை அணைத்துவிட்டு நம்பிக்கையோடு பெட்டியைத் திறப்பார். உள்ளே லைட் சர்க்யூட்டின் 230 வோல்ட் காத்திருக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எர்த் லீக்கேஜ் என்பது போன கரண்ட் முழுவதும் திரும்பி வராவிட்டால் சப்ளையைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச். பல வீடுகளில் லைட்டுகள் எர்த் லீக்கேஜுக்கு வெளியே, பிளக்குகள் அதற்குள்ளே. லைவ் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி, வால்வின் நியூட்ரல் வழியாக மறுபக்கம் திரும்பினால், எர்த் லீக்கேஜ் அந்த வித்தியாசத்தைக் கசிவாகத்தான் பார்க்கும். அது 30 மில்லிஆம்ப்புக்குள் விழும். 230 வோல்ட்டில் 7 வாட்டுக்குக்கூட அந்த அளவு கரண்ட் போய்விடும். ஒரு வால்வு மோட்டர் 6 வாட் போல எடுக்கும். ஆகவே ஒரு வால்வு திறக்கும்போது ஒன்றும் ஆகாமல் போகலாம், இரண்டாவது வால்வு திறந்ததும் எர்த் லீக்கேஜ் விழுந்து பிளக்குகள் எல்லாம் போய்விடும். “சில ராத்திரி மட்டும் ட்ரிப் ஆகுது” என்று சொல்பவர்கள் வீட்டில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

“பாய்லருக்குள்ள ரெண்டு ஓட்டை, ஒரு குட்டி வயரால இணைச்சிருக்கு. ஆரஞ்சை அதில குத்திடலாமா?”

பாய்லர் கையேட்டைத் திறக்காமல் குத்தவே கூடாது. பாய்லரை அழைக்க மூன்று வழிகள் உண்டு. சில பாய்லர்கள் 230 வோல்ட் லைவ் வந்தால் எரியும். பல ஐரோப்பிய பாய்லர்களில் அந்த இரண்டு முனைகளும் குறைந்த வோல்ட்டில் இருக்கும். வெளியிலிருந்து கரண்ட் கொடுக்காமல், இரண்டையும் ஒரு சுவிட்சால் சேர்த்தால் போதும். அந்தக் குட்டி வயர் எப்போதும் சேர்ந்தே இருக்கும்படி தொழிற்சாலை போட்டது. மூன்றாவது ஓபன்தெர்ம் என்கிற இரண்டு வயர் பேச்சு. அதில் வெறும் “எரி, நில்” மட்டும் இல்லை, தண்ணீர் எத்தனை டிகிரி வேண்டும் என்பதையும் தெர்மோஸ்டாட் சொல்லும்.

இரண்டாவது, மூன்றாவது வகை முனைகளில் ஆரஞ்சின் 230 வோல்ட்டைக் கொடுத்தால் போர்டு போய்விடும். அங்கே ஆரஞ்சு ஒரு ரிலேவை, அதாவது ஒரு கரண்டால் இன்னொரு சுற்றைத் திறந்து மூடும் சுவிட்சை, இயக்க வேண்டும், ரிலேயின் கரண்ட் இல்லாத முனைகள் பாய்லருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் சாம்பலையும் ஆரஞ்சையும் வெறும் சுவிட்சாகவே பயன்படுத்தலாம். அப்போது சாம்பலில் லைவ் கொடுக்கக் கூடாது. எந்த வழி என்பதைப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அந்தக் குட்டி வயரைக் கழற்ற மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாய்லர் நிற்கவே நிற்காது.

“அண்டர்ஃப்ளோர் ஜோன் போட்டிருக்கோம். ஆன் பண்ணி மூணு நிமிஷம் ஆச்சு, ஒரு சத்தமும் இல்லை.”

பொறுங்கள். தரையடிக் குழாய்களில் இருப்பது மோட்டர் வால்வு இல்லை. தரைக் குழாய்கள் எல்லாம் பிரியும் மேனிஃபோல்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும், வால்வைத் திறக்கும் சின்ன ஆக்சுவேட்டர்களுக்குள் மெழுகு இருக்கிறது. கரண்ட் வந்ததும் மெழுகு சூடாகி விரிந்து வால்வைத் திறக்கும். அதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதன் பிறகுதான் பம்பும் பாய்லரும். ஆக்சுவேட்டர்கள் 24 வோல்ட்டிலும் வரும், 230 வோல்ட்டிலும் வரும். புதிதாக ஒன்று வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தரை சூடாவதோ மணிக்கணக்கு. கான்கிரீட் பூச்சு வெப்பத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ரேடியேட்டருக்கு 60, 70 டிகிரித் தண்ணீர் அனுப்பலாம், தரைக்கு 35 முதல் 45 டிகிரி. ஆட்கள் புழங்கும் இடத்தில் தரை மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலை. ஒரே பாய்லரிலிருந்து இரண்டுக்கும் போகிறது என்றால் தரைப் பக்கத்துக்கு ஒரு கலப்பு வால்வும் தனி பம்பும் கட்டாயம்.

“ராத்திரி தூங்கும்போது எல்லாத்தையும் ஆஃப் பண்றது நல்லதா?”

ரேடியேட்டர் ஜோன் என்றால் தாராளமாகக் குறைக்கலாம், காலையில் சீக்கிரம் ஏறிவிடும். தரை ஜோன் என்றால் இரண்டு, மூன்று டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஆன் செய்தால் சூடு வந்து சேரும்போது வடக்கு ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஊருக்குப் போவதென்றால் மெயினை அணைக்காமல் உறைபனிப் பாதுகாப்பு நிலையில் விட்டுச் செல்லுங்கள்.

“எல்லா தெர்மோஸ்டாட்டும் ஆஃப். ஆனா பாய்லர் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு!”

மேலே சொன்ன வரிசையைப் பின்னாலிருந்து பிடியுங்கள். பாய்லருக்கு யாரோ “எரி” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். யார்?

பெரும்பாலும் ஒரு வால்வின் உள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது வால்வே பாதியில் சிக்கி மூடாமல் இருக்கும். வால்வின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை யாராவது மேனுவல் பக்கம் தள்ளி மாட்டிவைத்தாலும் வால்வு திறந்தே நிற்கும், சில மாடல்களில் சுவிட்சும் மூடிக்கொள்ளும். ஆகவே முதலில் நெம்புகோல்களைப் பாருங்கள், இதற்கு மூடி திறக்கத் தேவையில்லை. எந்த ஜோனின் குழாய் வால்வுக்குப் பிறகும் சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள், கை சுடும், கவனம். எல்லா வால்வுக்குப் பின்னாலும் குழாய் ஆறியிருந்தும் பாய்லர் எரிகிறது என்றால் சந்தேகம் ஒட்டிப்போன சுவிட்ச் மேலோ, கழற்ற மறந்த குட்டி வயர் மேலோ, ரிலே மேலோ போகும். எலக்ட்ரீஷியன் ஆரஞ்சு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். பல மாடல்களில் வால்வின் தலையை மட்டும் மாற்றலாம், தண்ணீரை வடிக்க வேண்டியதில்லை.

பாய்லர் அணைந்த பிறகு பம்ப் மட்டும் சில நிமிடம் ஓடினால் அது பழுது இல்லை. உள்ளே தேங்கிய வெப்பத்தை வெளியேற்றுகிறது. அப்போது எல்லா ஜோன் வால்வும் மூடியிருக்குமே, தண்ணீர் எங்கே போகும்? அதற்காகத்தான் தானாகத் திறக்கும் ஒரு பைபாஸ் வால்வு வைக்க வேண்டும். இந்த வகை பாய்லரில் பம்புக்கு ஆரஞ்சிலிருந்து கரண்ட் கொடுக்காமல் பாய்லரின் பம்ப் முனையிலிருந்தே கொடுக்க வேண்டும்.

“எங்க வீட்டில தலைகீழ். ரூம் சூடான பிறகுதான் ஹீட்டிங் ஆன் ஆகுது.”

என்ஓ-வுக்குப் பதில் என்சி-யில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

“பாய்லர் ரெண்டு நிமிஷம் எரியுது, அணையுது, திரும்ப எரியுது. வால்வு எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

எந்த ஜோன் மட்டும் கேட்கும்போது இப்படி ஆகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் குளியலறையாக இருக்கும். அங்கே துண்டு காயப்போடும் ரேடியேட்டர் ஒன்றுதான், 500 வாட். பாய்லர் எவ்வளவு தாழ்த்தி எரிந்தாலும் அதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு, 24 கிலோவாட் பாய்லர் பலவற்றில் 5 கிலோவாட் போல. 5 கொடுக்க, அரை மட்டும் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் தண்ணீர் நொடியில் கொதிநிலையை நோக்கி ஏறும், பாய்லர் தன்னைக் காத்துக்கொள்ள அணையும். மேலே ஏழு ஜோன் வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். சின்ன ஜோனைப் பெரிய ஜோனோடு சேர்த்துவிடுங்கள், அல்லது மிச்சச் சூட்டைத் தேக்கி வைக்கும் தண்ணீர்த் தொட்டியான பஃபர் டேங்க் வையுங்கள். இப்படி அணைந்து அணைந்து எரிவது கேஸைத் தின்னும், பாகங்களையும் தேய்க்கும்.

ஜோபர்க் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கேஸ் எரிவதற்கு அது முக்கியம். பாய்லரை முதல்முறை இயக்குபவர் உயரத்துக்கேற்ற அமைப்பைச் செய்தாரா, எந்தக் கேஸுக்கு ஜெட் (கேஸ் பீய்ச்சும் துளை) போட்டார் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

“கீசரையும் இதே பாய்லர்ல சேர்த்தா?”

சேர்க்கலாம். கீசர் இன்னொரு ஜோன், அவ்வளவுதான். சுருள் உள்ள டேங்க், அதில் ஒரு சிலிண்டர் தெர்மோஸ்டாட், ஒரு வால்வு. வயரிங் மற்ற ஜோன் போலவேதான். கீசர் கேட்கும்போது அறைகள் கொஞ்ச நேரம் காத்திருக்கும்படி முன்னுரிமை கொடுப்பது நல்லது. கீசர் தண்ணீரை 60 டிகிரியில் வையுங்கள். அதைவிடத் தாழ்த்தி நாள்கணக்கில் வைத்தால் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுக்கும்.

“மகன் அமெரிக்காவிலேர்ந்து ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் கொண்டு வந்தான். போட்டுத் தருவீங்களா?”

அங்கே வீட்டு ஹீட்டிங் கட்டுப்பாடு பெரும்பாலும் 24 வோல்ட். இங்கே நம் வால்வு 230 வோல்ட். நேராகக் கொடுத்தால் தெர்மோஸ்டாட் எரியும். டிரான்ஸ்ஃபார்மரும் ரிலேயும் வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் நான் பரிந்துரைப்பதில்லை. ஐரோப்பியச் சந்தைக்கான 230 வோல்ட் மாடலோ, பாய்லர் பக்கத்தில் ரிசீவர் வைக்கும் வயர்லெஸ் மாடலோ வாங்குங்கள். வைஃபை இல்லாதபோதும் நேர அட்டவணை தெர்மோஸ்டாட்டுக்குள்ளேயே ஓடுமா என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

“பாய்லரை எடுத்துட்டு ஹீட் பம்ப் வைக்கலாம்னு இருக்கோம். இதே வயரிங் போதுமா?”

அழைப்பு வரிசை அதேதான், மெயின் சப்ளை கேபிளும் பிரேக்கரும் வேறு. ஆனால் ஹீட் பம்ப்புக்குப் பிடித்தது தாழ்ந்த சூட்டுத் தண்ணீர், தொடர்ந்த ஓட்டம். ஜோன் வால்வுகள் மாறி மாறி மூடினால் அதன் திறன் விழும். பெரும்பகுதி வீட்டை எப்போதும் திறந்த ஒரே ஜோனாக விட்டு, ஓரிரு அறைகளை மட்டும் கட்டுப்படுத்துங்கள். பஃபர் டேங்க் வையுங்கள். ரேடியேட்டர்கள் 45 டிகிரித் தண்ணீரில் போதுமா என்று முன்பே கணக்குப் பார்க்க வேண்டும்.

“கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல பாய்லர் பத்திக்குது, உடனே அணையுது, மூணு தடவைக்கு அப்புறம் லாக் ஆயிடுது. கரண்ட் வந்தா நல்லா ஓடுது. பாய்லர் பழுதா?”

பாய்லர் நன்றாகத்தான் இருக்கிறது. லோட்ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) காலத்திலிருந்து எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. பாய்லரும் பம்பும் சேர்ந்து 150 வாட் போலத்தான் எடுக்கும், எந்த இன்வெர்ட்டரும் தாங்கும். சிக்கல் வேறிடத்தில். தீ எரிகிறதா என்பதை பாய்லர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? தீக்குள் ஒரு மின்முனை நிற்கிறது. தீச்சுடர் வழியாகச் சில மைக்ரோஆம்ப் கரண்ட் பர்னரின் உலோகத்துக்கு, அதாவது எர்த்துக்குப் போகும். போர்டு அதை நியூட்ரலை வைத்து அளக்கும். மெயின் சப்ளையில் நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் இணைந்திருப்பதால் இந்தச் சுற்று பூர்த்தியாகும். இன்வெர்ட்டர் தனியே ஓடும்போது அந்த இணைப்பு அறுந்து, நியூட்ரல் அந்தரத்தில் நிற்கும். தீ எரியும், ஆனால் போர்டுக்குத் தெரியாது. கேஸ் கசிகிறது என்று பயந்து மூடிவிடும். அது சரியான பயம்தான்.

தீர்வு, இன்வெர்ட்டர் தனியே ஓடும்போது மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து, மெயின் திரும்பியதும் பிரித்துவிடும் ரிலே. பல ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் அதற்கான முனையோ அமைப்போ உண்டு, யாரும் இணைத்திருக்க மாட்டார்கள். இந்த இணைப்பு இல்லையென்றால் மின்தடையின்போது வீட்டின் எர்த் லீக்கேஜும் சரியாகக் காப்பாற்றாது, ஆகவே இதைப் பாய்லருக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். பாய்லருக்குள்ளேயோ பிளக்கிலோ நியூட்ரலையும் எர்த்தையும் நிரந்தரமாக முடிச்சுப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அனுப்பிவிடுங்கள். மெயின் இருக்கும்போது எர்த் வயரில் கரண்ட் ஓடும், எர்த் லீக்கேஜ் விழும். லைவும் நியூட்ரலும் எங்கோ இடம் மாறியிருந்தால் பாய்லரின் உடம்பிலேயே 230 வோல்ட் வந்துவிடும்.

ரிலே சரியாக இருந்தும் லாக் ஆனால், இன்வெர்ட்டர் வெளியீட்டில் லைவும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சில பாய்லர்கள் அதற்கும் இதே மாதிரிதான் அணையும். பழைய யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் அது மெயின் கரண்ட் போலச் சீரான அலை (சுத்த சைன் அலை) தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன், மெயின் பிரேக்கரை அணைத்து, ஒரு ஜோனை ஆன் செய்து, பாய்லர் பத்து நிமிடம் விடாமல் எரிகிறதா என்று அவர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள்.